பேம்பர்ஸ் போட்டவர் ஏன் பேசுவதில்லை?

நம்ம ஊர் ஞாயிற்றுப் பதிப்புச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். அம்மா படுக்கையில் கிடப்பார். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் வருவாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பேம்பர்ஸ் மாத்துறது?" என்பாள். அடுத்த பத்தியில் முதியோர் இல்லம். கடைசிப் பத்தியில் மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். தீபாவளிச் சிறப்பிதழ் என்றால் அந்த அழைப்பு தீபாவளிக்கு முதல் நாள் வரும்.

இந்தக் கதைகள் அழவைக்கின்றன என்பதில் எனக்குக் குறையில்லை. அழட்டும். ஆனால் பேம்பர்ஸ் அதில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மருமகள் கெட்டவள் என்று காட்ட ஒரு வரிக்கு வந்துவிட்டுப் போகிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கிடக்கும் அம்மாவுக்கு அது ஈரமாக இருக்கிறதா, உறுத்துகிறதா, காலையிலிருந்து எத்தனை மணி நேரமாக இருக்கிறது, மாற்றச் சொல்ல யாரைக் கூப்பிடலாம் என்று அவர் யோசிக்கிறாரா, எதுவும் கதையில் இல்லை. நாற்றம் மருமகளுடையது, குற்றவுணர்வு மகனுடையது. அம்மாவுக்கு மிஞ்சுவது மன்னிக்கிற வேலை மட்டும்.

இது மலேசியத் தமிழ்க் கதைகளின் குறை மட்டும் என்றால் எளிதாகத் தாண்டிப் போயிருப்பேன். தமிழில் இந்த உடலைப் பற்றி அக்கறையோடு எடுக்கப்பட்ட படங்களிலும் இதே இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது.

பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. இரவுக் காவலாளியான கருப்பசாமிக்கு விபத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. மகன் கிராமத்துக்குக் கூட்டிப் போகிறான். சில நாட்களில் கிழவர் இறந்துபோகிறார். தலைக்கூத்தல் என்ற பெயரில் நடக்கும் கொலையை அந்தப் படம் கூச்சமில்லாமல் கொலை என்றே சொல்கிறது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் யார் செய்தார்கள், ஊர் ஏன் வாயை மூடிக்கொண்டது என்ற கேள்விகளில் படம் ஓட ஆரம்பித்ததும் கருப்பசாமி ஒரு வழக்காக ஆகிவிடுகிறார்.

2023இல் வந்த ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்' வேறு மாதிரி. கோமாவில் கிடக்கும் தகப்பனைக் கழுவி, துடைத்து, பார்த்துக்கொள்ளும் மகனாக சமுத்திரக்கனி. ஊரும் மாமனார் வீடும் 'முடிச்சிடு' என்கின்றன, அவன் மாட்டேன் என்கிறான். படுத்திருக்கும் கிழவருக்கு இந்தப் படம் ஒரு மனவுலகத்தையும் கொடுக்கிறது. ஆனால் அந்த உலகம் முழுக்க இளமைக் காதல். கிழவர் உள்ளுக்குள் வாழ வேண்டுமானால் இருபது வயதுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. இப்போது இருக்கிற உடம்பு, துடைக்கப்படுகிற உடம்பு, அது என்ன உணர்கிறது என்று படம் கேட்டுப் பார்க்கவில்லை. கோமா என்பதால் கேட்க முடியாது என்பீர்கள். காதலை நினைக்க முடிகிற கோமா, ஈரத்துணியை உணர முடியாதா?

இங்கே எனக்கு 'பேரன்பு'தான் விதிவிலக்காகத் தெரிகிறது. ராம் இயக்கியது, இந்தியாவில் 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பா பருவமடைகிறாள். அப்பா அமுதவனாக மம்மூட்டி. நாப்கின் மாற்றிவிட வேண்டியவர் அவர்தான், வீட்டில் வேறு ஆளில்லை. ஆனால் அவள் விடமாட்டேன் என்கிறாள். பேச்சு சரியாக வராத, கையும் காலும் சொன்னபடி கேட்காத பெண், தன் உடம்பில் யார் கை படலாம் என்பதைத் தானே முடிவு செய்கிறாள். அந்த மறுப்பிலிருந்துதான் படத்தின் பிற்பகுதி பிறக்கிறது. உதவிக்கு ஒரு பெண் வேண்டும், அதனால் விஜி வருகிறாள், அதனால் அடுத்தது. துணியை மாற்றும் வேலை இங்கே அப்பாவின் தியாகத்தைக் காட்ட மட்டும் வரவில்லை, கதையையே அது திருப்புகிறது. அணிகிற ஆளுக்கு விருப்பு வெறுப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதும் கதை தானாக நகர்கிறது. இத்தனைக்கும் படத்தின் குரல் அமுதவனுடையதுதான், கதை சொல்பவர் அவர்தான். பாப்பா தன் குரலில் சொல்லும் 'பேரன்பு' எப்படி இருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன். பெருமாள்முருகன் ஒரு முழுத் தொகுப்புக்கே 'பீக்கதைகள்' என்று பெயர் வைத்த மொழி இது. கூச்சம் மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வெளியே பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1972இல் ஜப்பானில் அரியோஷி சவாகோ எழுதிய நாவலில், அலுவலகத்துக்குப் போய்வரும் அகிகோ என்ற பெண், மறதி நோய் வந்த மாமனாருக்கு அணையாடை கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்கிறாள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, நாடே முதுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. இன்று அதே நாட்டில் ஓஜி என்ற பெரிய காகித நிறுவனம் குழந்தைகளுக்கான அணையாடைத் தயாரிப்பை உள்நாட்டில் 2024இல் நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கானதில் கவனம் வைப்பதாக அறிவித்தது. அகிகோவின் நாவல் அருமை. ஆனால் அதுவும் மாற்றிவிடுபவரின் கதை.

பிலிப் ராத் தன் அப்பாவைப் பற்றி 1991இல் எழுதிய 'பேட்ரிமனி' நூலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அப்பாவுக்கு 86 வயது, மூளையில் கட்டி. மகன் வீட்டில் ஓய்வுக்கு வந்திருக்கிறார். பல நாள் மலச்சிக்கல், ஒரு மதியம் கட்டுப்பாடு இழந்துவிடுகிறார். குளியலறை முழுக்க. ராத் கழுவுகிறார், ஒவ்வொரு மூலையையும் எழுதுகிறார். அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இதுதான் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். மகன்கள் எழுதியவற்றில் இதைவிட நேர்மையான பக்கங்களை நான் படித்ததில்லை. ஆனால் நடுவில் ஒரு சின்ன விஷயம் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லாதே, உன் துணையிடம் சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொள்கிறார். மகன் யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிறார். அப்புறம் உலகத்துக்கே சொல்லிவிட்டார்.

சார்த்தரின் கடைசி வருடங்களில் அவருக்குச் சிறுநீர் நிற்காமல் போனதை, அவர் இறந்த மறுவருடம் சிமோன் த பொவ்வார் புத்தகமாக எழுதியபோதும் இதே சங்கடம். பலர் முகம் சுளித்தார்கள். இவர்கள் எழுதியிருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எழுதியதால்தான் நமக்குத் தெரியும். ஆனால் இந்த உண்மையின் விலையை எழுதியவர் கொடுக்கவில்லை, எழுதப்பட்டவர்தான் கொடுத்தார்.

தன் விலையைத் தானே கொடுத்து எழுதியவர் கிறிஸ்டினா கிராஸ்பி. அமெரிக்காவில் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். 2003இல் சைக்கிள் சக்கரத்தில் ஒரு கிளை சிக்கி விழுந்து கழுத்தெலும்பு உடைந்தது. 2016இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பில் குடலுக்கென்றே ஓர் அத்தியாயம். தினமும் எந்த நேரத்தில், யார் உதவியோடு, எவ்வளவு நேரம், எது தவறிப்போகும் என்று அட்டவணை மாதிரி போகிறது. அங்கே தியாகமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, வேலை இருக்கிறது. அதை வாசிக்கும்போது எனக்கு ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கழிவறை இருக்கையைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு டெல்லியிலிருந்து கொல்கத்தா போகிற 'பிக்கு' படத்து அமிதாப்பிடமும் கொஞ்சம் இது உண்டு. தன் குடல் தன் சொந்த விஷயம், அதைப் பற்றி யாரிடமும் சத்தமாகப் பேசுவேன் என்கிற திமிர்.

அணிவது என்றாலே படுக்கை என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் அடிப்படைச் சிக்கல். கிள்ளானில் எங்கள் தாமானில் ஒரு மாமா இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருமினால், சிரித்தால், நாற்காலியை விட்டு எழுந்தால் கொஞ்சம் கசியும். இடுப்புத்தசைப் பயிற்சி செய்கிறார், மருத்துவரையும் பார்க்கிறார். வீட்டில் இருக்கும் நாட்களில் சமாளிக்க முடியும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கோமுட்டர் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் வருவார், பழைய நண்பர்களைப் பார்க்க, கோயிலுக்கு, சாப்பாட்டுக்கு. அந்த நாட்களில் பேம்பர்ஸ் போட்டுக்கொள்கிறார். யாரும் போட்டுவிடவில்லை. அவரே தேர்ந்தெடுத்தது. "வீட்லயே உக்காந்து காஞ்சு கெடக்கறதுக்கு, ஈரமா வெளிய போயிட்டு வரலாம்டா" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்க. பேர் போடாத."

நான் படித்தது வேதிப்பொறியியல், இங்கேயே உள்ள பல்கலைக்கழகத்தில். அதனால் அவருடைய காலை எனக்கு ஒரு கதாசிரியனுக்குத் தோன்றுவதைவிடச் சற்று வேறு மாதிரிதான் தோன்றும். ஐந்தரைக்கு எழுந்ததும் இரவில் போட்டதைக் கழற்றுகிறார். வெதுவெதுப்பான தண்ணீர், கொதிக்கக் கொதிக்க இல்லை. வாசனை இல்லாத மென்மையான சோப்பு ஒரு வேளைக்கு மட்டும், மற்ற நேரம் வெறும் தண்ணீர். தேய்க்கமாட்டார், ஒற்றி எடுப்பார். பிறகு கைலியோடு காற்றாடிக்குக் கீழே பத்து நிமிடம் பேப்பர் வாசிப்பு. இந்தப் பத்து நிமிடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அந்த அறைக்குள் போகமாட்டார்கள். அப்புறம் துத்தநாகக் களிம்பு, மெல்லிசாக. அள்ளி அப்பினால் அது பஞ்சின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கும். பவுடர் கிடையாது, ஈரத்தில் கட்டியாகி உரசும். கடைசியில், காலைச் சுற்றியிருக்கும் சுருக்க ஓரத்தை விரலால் வெளியே எடுத்துவிடுவார். அது உள்ளே மடிந்திருந்தால் எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் ஒழுகும்.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள், உப்பில்லாத தண்ணீர் என்றால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது முப்பது, ஐம்பது மடங்குக்கு இறங்கிவிடும். பாக்கெட்டில் துளித்துளியாகப் படம் போட்டிருப்பதை நம்பி எட்டு மணி நேரம் ஓட்டக் கூடாது. ஆரோக்கியமான தோல் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக்கும்போது அந்தச் சமநிலை கெடுகிறது. மலமும் சேர்ந்தால் அதிலுள்ள நொதிகள் தோலை அரிக்க ஆரம்பிக்கும், அதனால் அதற்குக் காத்திருப்பே இல்லை, உடனே மாற்ற வேண்டும். நம்ம ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். கசியுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதுதான் பலர் செய்வது. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலாகும். மாமா தேத்தாரேக்கைத்தான் பயண நாளில் குறைத்திருக்கிறார், தண்ணீரை இல்லை. பெரிய சைஸ் வாங்கினால் பாதுகாப்பு என்பதும் தப்பு. தொடையில் இடைவெளி விழும்.

ஒன்று சுமார் இரண்டரை வெள்ளி. நாளுக்கு மூன்று என்று போட்டால் மாதம் 225 வெள்ளி. இதனால்தான் சில வீடுகளில் கனம் தாங்காமல் தொங்கும்வரை மாற்றாமல் விடுகிறார்கள். நம்ம கதைகளில் அது கொடுமை என்று வரும். கணக்கு என்று வராது.

இவ்வளவும் ஒரு சிறுகதைக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்த ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு இருக்கிறது, முடிவு எடுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் என் பதில். மாமா தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் போனார். 272 படி. போவதற்கு முன் அவர் மண்டையைக் குடைந்தது படி இல்லை, தீட்டு. நனைந்ததோடு சன்னிதிக்குள் போகலாமா? அய்யரிடம் கேட்க வெட்கம். தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். அடிவாரத்தில் காய்ந்த புதுசு ஒன்றை மாற்றிக்கொண்டு ஏறுவது, நடுவில் கசிந்தால் அது முருகன் பாடு. என் கூட வேலை பார்க்கும் மலாய் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. சிறுநீர் நிற்காதவர் எப்படித் தொழ வேண்டும் என்பதற்கு அவர்கள் சட்ட நூல்களில் பழைய காலத்திலிருந்தே வழி சொல்லியிருக்கிறது. சுத்தம் செய்து, துணியை இறுக்கக் கட்டி, தொழுகை நேரம் வந்தபின் அந்தத் தொழுகைக்கென்று புதிதாக ஒளு எடுத்துத் தொழலாம். ஒழுகுகிற உடம்புக்கும் அங்கே ஓர் இடம் யோசிக்கப்பட்டிருக்கிறது. மாமாவின் கையில் இருந்தது தீட்டு என்ற ஒற்றைச் சொல், அதை வைத்துக்கொண்டு தனியாகத் தன் விதியை எழுதிக்கொண்டார். ஒரு நல்ல சிறுகதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. எழுத ஆளில்லை.

தேர்வு என்று சொல்லும்போது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் போப் வருகையின்போது மணிலாவில் போக்குவரத்துப் பணியாளர்களை அணையாடை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அமெரிக்கக் கோழிக்கறி ஆலைகளில் கழிவறைக்கு விடாததால் தொழிலாளர்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதாக ஆக்ஸ்ஃபாம் 2016இல் அறிக்கை வெளியிட்டது. அதைத் தேர்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'அங்காடித் தெரு' எடுத்த வசந்தபாலனுக்கு இந்தக் கொடுமை புரிந்திருக்கும். நாறிக் கிடந்த பொதுக்கழிப்பறையைக் கழுவி, அதை வைத்தே பிழைக்கத் தொடங்கும் ஆளை அந்தப் படம் நினைவு வைத்திருக்கிறது. மறுபக்கம், விண்வெளி வீரர்கள் இதைத்தான் போட்டுக்கொண்டு ராக்கெட்டில் ஏறுகிறார்கள், அங்கே கேலி இல்லை. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், போட்டால் மனம் அமைதியாகிறது என்று அணியும் பெரியவர்களும் உலகில் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அவசரமில்லை. அவர்களும் நேரத்துக்கு மாற்ற வேண்டும், கழுவ வேண்டும், காயவிட வேண்டும்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'அணையாடை' அழகான சொல், ஆனால் கிள்ளானில் எந்த மருந்துக்கடையிலும் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. 'பேம்பர்ஸ்' என்றால் அறுபத்தெட்டு வயது ஆள் ஒரே நொடியில் தொட்டில் பிள்ளையாகிவிடுகிறார். மாமா மலாயில் 'லம்பின் டெவாசா' என்றுதான் கேட்பார். அதாவது பெரியவர்களுக்கான துணி. வேற்றுமொழியில் அவருக்கு வயது கிடைக்கிறது. கதை எழுதுகிறவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதிலேயே பாத்திரத்தின் வயது முடிவாகிவிடும். இதை எந்த விமர்சனத்திலும் யாரும் தொட்டு நான் பார்க்கவில்லை.

நண்பர் ஒருவர் கேட்டார், இதெல்லாம் சுகாதாரக் கையேட்டில் வர வேண்டியதுதானே, இலக்கியத்துக்கு எதற்கு என்று. கையேட்டில் மதியம் பன்னிரண்டு மணி இருக்காது. பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக்கு முன் மாமா மாற்றியாக வேண்டும். சாதாரணக் கழிவறையில் பையை வைக்க இடமிருக்காது, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான அறைக்குப் போவார். வெளியே வரும்போது வரிசையில் நிற்பவர் மேலும் கீழும் பார்ப்பார், நல்லாத்தானே நடக்கிறார் என்று. அந்த அறை பூட்டியிருந்தால் ஆண்கள் பக்கம்தான். பெண்கள் கழிவறையில் ஒவ்வொரு அறையிலும் மூடிவைத்த தொட்டி இருக்கும் என்று அக்கா சொல்கிறாள். நான் போன ஆண்கள் கழிவறைகளில் அப்படி ஒன்றை அறைக்குள் பார்த்ததே இல்லை. பிரிட்டனில் புரோஸ்டேட் புற்றுநோய் அமைப்பு ஒன்று ஆண்கள் கழிவறையில் தொட்டி வேண்டும் என்று இயக்கமே நடத்துகிறது. இங்கே மாமா பழைய பேப்பரில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, தோள்பையின் அடியில் வைக்கிறார். அதன் மேல் மாற்றுக் கால்சட்டை. அதற்கும் மேல் அத்தைக்கு வாங்கிய முறுக்கு.

ஜாலான் துன் சம்பந்தன் கடையில் நண்பர்களோடு வாழையிலைச் சாப்பாடு. யாரோ பழைய தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்தால் கசியும் என்று அவருக்குத் தெரியும். காலையில் ஓரங்களை வெளியே எடுத்துவிட்டதும் ஞாபகம் இருக்கிறது. அவரும் சிரிக்கிறார்.